எனக்கு மாதம் 21 நாள்

பாம்பன் பக்கம் ஒரு ரேஷன் கடையில் விற்பனையாளராக இருக்கிறேன். இந்த வேலையில் பாதி எடை, பாதி விரல். கார்டை ஸ்கேன் செய்து, வந்தவரின் கைரேகையை மெஷினில் வைக்கச் சொல்லி, அது ஒத்துக்கொண்டால்தான் பில். 2020இல் இந்த முறை வந்ததிலிருந்து "நல்லா அழுத்தி வைங்க" என்பதை எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேனோ.

எங்கள் ஊரில் ரேகை லேசில் விழாது. ஆண்களுக்கு வலைக்கயிறு இழுத்தே தேய்ந்துவிட்டது. பெண்கள் பாசி எடுக்கப் போகிறவர்கள். பாறை இடுக்கில் கைவிட்டு மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்க்கிற விரல் எப்படி இருக்கும்? துணிக்கிழிசலை விரலுக்கு விரல் சுற்றிக்கொண்டுதான் முங்குவார்கள், அப்படியும் நுனியெல்லாம் கீறல். வரிசை நீளும்போது எனக்கு எரிச்சல் வரும். ஒரு அக்காவிடம், "எண்ணெய்க் கையோடவா வந்தீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறேன்.

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை, கீமோ, கரண்ட் என்று நாங்கள் சொல்லும் கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, வேலைக்குத் திரும்பி மூன்று வருடம் ஆகியிருந்தது. அப்புறம் முதுகுவலி. 50 கிலோ அரிசி மூட்டையை நகர்த்திய பிடிப்பு என்று நானே முடிவுசெய்து இரண்டு மாதம் தைலம் தேய்த்தேன். மூட்டை மேல் பழியைப் போட வசதியாக இருந்தது. ஸ்கேனில் புற்றுநோய் எலும்புக்கு வந்துவிட்டது தெரிந்தது.

இப்போது கீமோ மாத்திரை. கேப்சிடபின், 500 மில்லிகிராம். காலையில் மூன்று, இரவில் மூன்று, சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள். 14 நாள் போட்டு 7 நாள் விட வேண்டும். முதல் தடவை கீமோவுக்கு இத்தனை சுற்று என்று கணக்கு இருந்தது, விரல்விட்டு எண்ணினேன். இந்த முறை "எத்தனை சுற்று டாக்டர்?" என்றதற்கு, "மருந்து கேட்கிற வரைக்கும்மா" என்றார். அதற்குப் பிறகு எண்ணுவதில்லை. கடைக்கு வருகிறவர்கள் மட்டும் "எல்லாம் சரியாப்போச்சா?" என்று கேட்கிறார்கள். சரியாகவும் போகாமல், மோசமாகவும் ஆகாமல் நடுவில் ஒரு நிலை இருக்கிறது என்பதை அரிசி போட்டுக்கொண்டே எப்படிச் சொல்வது? "ஆமாக்கா" என்று சொல்லிவிடுவேன்.

என் மாதத்துக்கு 21 நாள், கடையின் மாதத்துக்கு 30 நாள். இரண்டும் ஒட்டவே ஒட்டாது. முதல் வாரக் கூட்டத்தன்று என் ஓய்வு வாரம் வந்தால் அதிர்ஷ்டம். மாத்திரையின் பன்னிரண்டாம் நாளில் வந்தால் கடையில் எடைபோட உதவும் பேக்கர் தம்பிதான் முழு எடையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் ரத்தப் பரிசோதனைக்கு மதுரை. டாக்டர் கையெழுத்திட்ட படிவம் இருந்தால் ரயிலில் இரண்டாம் வகுப்புக்கு 75 சதவீதம் சலுகை, கூட வருகிறவருக்கும் உண்டு. இதை எனக்குச் சொன்னது ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு நோயாளி. அதற்குள் எத்தனையோ முறை முழுக் காசு கொடுத்துப் போய்விட்டேன்.

மூன்றாம் சுற்றில் உள்ளங்கை சிவந்து, பிறகு கருத்து, தோல் உரியத் தொடங்கியது. இந்த மாத்திரை உடம்புக்குள் போய் ஃபுளோரோயூராசில் என்ற மருந்தாக மாறுகிறது. அது கையையும் பாதத்தையும் பதம் பார்க்கும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். யூரியா கிரீம் தடவச் சொன்னார்கள், சூடு ஆகாது, உராய்வு ஆகாது என்றார்கள். ரேஷன் கடையில் உராய்வு இல்லாமல் என்ன இருக்கிறது? சாக்கு உராயும், படியும் உராயும். பாமாயில் பாக்கெட் ஒன்றுதான் வழுவழுப்பு.

அந்த மாதம் வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருந்தார், மகன் திருப்பூரில். எங்கள் கார்டுக்குச் சரக்கு எடுக்க நானே விரல் வைத்தேன். விழவில்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். பேக்கர் தம்பி முதலில் சிரித்தான், என் கையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். வரிசையில் நின்றது அதே எண்ணெய்க் கை அக்கா.

"ஏத்தா, நீயும் பாசிக்குப் போனியா?"

கடையே சிரித்தது, நானும்தான். கடைசியில் கருவிழிக் கருவியில் கண்ணைக் காட்டி என் அரிசியை எடுத்தேன். அந்த அக்காவிடம் அன்றைக்கு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மறுநாள் அவர் பழைய பருத்திச் சேலையைக் கிழித்து, விரல் அளவுக்கு நறுக்கிய துண்டுகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தார். "இறுக்கிக் கட்டாத, ரத்தம் ஓடாது. ரெண்டு சுத்து போதும்." கிரீம் தடவி அதைச் சுற்றிக்கொண்டால் சாக்கின் நார் குத்துவதில்லை. டாக்டரிடம் காட்டியபோது, பருத்தி என்றால் நல்லதுதான் என்றார், மாத்திரை அளவையும் கொஞ்சம் குறைத்தார்.

ஆய்வுக்கு வந்த ஓர் அதிகாரி, "லீவு போட்டு வீட்ல இருக்கலாமேம்மா" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். வீட்டில் இருந்தால் முதுகைப் பற்றிய கவலை மட்டும்தான் இருக்கும். கடையில் பருப்பு இருப்பு குறைகிறதே என்ற கவலையும் சேர்ந்துகொள்ளும். அது எனக்கு இருபது வருடப் பழக்கம்.

அடுத்த சுற்று ஒன்பதாம் தேதி தொடங்குகிறது. பாமாயில் லோடு அதற்கு முன்னால் வந்துவிட்டால் தேவலை.