திருக்குறுங்குடியில் தொடங்கி சின்னாளபட்டி வரை

டி.வி.எஸ் என்றதும் நமக்கு ஸ்கூட்டரோ பைக்கோதான் நினைவுக்கு வரும். முதலில் நிற்கும் ‘டி’ திருநெல்வேலி மாவட்டத்தின் திருக்குறுங்குடி என்கிற ஊர் என்பது பலருக்குத் தெரியாது. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1877இல் பிறந்த ஊர் அது.

வள்ளியூரிலிருந்து ஏர்வாடி வழியாகப் போனேன். பேருந்து அடிக்கடி கிடையாது, நேரம் பார்த்துக் கிளம்புங்கள். மேற்கே மலை கூடவே வருகிறது. நம்பி கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பெருமாள் கோயிலுக்குள்ளேயே சிவனுக்கும் சன்னிதி உண்டு. பக்கத்தில் இருக்கும் அந்தச் சிவனுக்காக, ‘பக்கம் நின்றார்க்குக் குறை ஏதும் உண்டோ’ என்று விசாரிக்கும் வழக்கம் இங்கே இருந்திருக்கிறது. கார்த்திகை மாத ஏகாதசி இரவில் நடக்கும் கைசிக நாடகம் நலிந்து கிடந்து, 1999இல் மறுபடி உயிர்பெற்றது. அதற்கு முன்னின்ற நடனக் கலைஞர் அனிதா ரத்னம், சுந்தரம் ஐயங்காரின் வழிவந்தவர்.

சுந்தரம் ஐயங்காரின் அப்பா ஆசைப்பட்டது வக்கீல் பிள்ளைக்கு. இவரோ ரயில்வேயில் வேலை பார்த்தார், பிறகு வங்கியில். அதையும் விட்டுவிட்டு 1910-களின் தொடக்கத்தில் பேருந்துத் தொழிலில் இறங்கினார். டி.வி.எஸ் பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தலாம் என்று மதுரைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். கம்பெனிக்கு ‘சுந்தரம் ஐயங்கார் அண்ட் சன்ஸ்’ என்று பெயர். மகன்கள் பெயர்ப்பலகையிலேயே இருக்கிறார்கள். மகள்?

மகளைப் பார்க்க மதுரையைத் தாண்டிப் போக வேண்டும். திண்டுக்கல் சாலையில், சின்னாளபட்டிக்குப் பக்கத்தில், சிறுமலை அடிவாரத்தில் இருக்கிறது காந்திகிராமம். சுந்தரம் ஐயங்காரின் மகள் சௌந்தரம் சிறு வயதிலேயே மணமாகி, இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். 1920-களில், ஆசாரமான ஐயங்கார் வீட்டில், அப்படிப்பட்ட பெண்ணுக்கு என்ன காத்திருந்திருக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெற்றோர் அவரைப் படிக்க வைத்தார்கள். அதுவும் டில்லி லேடி ஹார்டிங் கல்லூரியில், மருத்துவம். 1936இல் டாக்டரானார். அத்தனை பஸ் ஓட்டியதைவிட எனக்கு இதுதான் பெரிய காரியமாகப் படுகிறது.

அதற்காக சுந்தரம் ஐயங்காரை ஒரேயடியாகப் புரட்சிக்காரர் ஆக்கிவிட வேண்டாம். கேரளத்துக் காந்தியவாதி ஜி. ராமச்சந்திரனை மணக்க சௌந்தரம் விரும்பியபோது வீட்டில் ஒப்பவில்லை. ஒரு வருஷம் பிரிந்திருந்து பாருங்கள் என்றார் காந்தி. இருவரும் மனம் மாறவில்லை. 1940இல் கல்யாணம் நடந்தது. படிக்க அனுப்பிய அப்பாவுக்கும் இது கடினமாகத்தான் இருந்திருக்கிறது. அதனாலேயே அவர் எனக்கு இன்னும் நெருக்கமாகத் தெரிகிறார்.

கணவனும் மனைவியுமாக 1947இல் தொடங்கியதுதான் காந்திகிராமம். வளாகத்தில் மரங்கள் அதிகம், வெயில் தெரியவில்லை. பல்கலைக்கழகத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். கஸ்தூர்பா மருத்துவமனைப் பக்கமும் போங்கள். சின்னாளபட்டியில் சின்ன அளவில் வைத்தியம் பார்க்க ஆரம்பித்து இவ்வளவு வளர்ந்திருக்கிறது. நான் போன அன்று பிரசவத்துக்கு வந்தவர்களின் உறவுக்காரர்கள் வராந்தாவில் சாப்பாட்டுத் தூக்கைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சுந்தரம் ஐயங்கார் தொழிலைப் பிள்ளைகளிடம் விட்டு ஒதுங்கி, 1955இல் கொடைக்கானலில் காலமானார். சௌந்தரம் 1962இல் திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்குப் போய், மத்தியக் கல்வித் துறைத் துணை அமைச்சரும் ஆனார்.

ரயிலில் வருகிறவர்கள் அம்பாத்துரையில் இறங்கலாம். அப்படியே சின்னாளபட்டியில் ஒரு சுங்குடிச் சேலையும் எடுத்துக்கொள்ளுங்கள்.