பயறுப் பானையில் கறி எப்போது விழ வேண்டும்: மெக்சிகோ சமையல் நாட்குறிப்பு

2 பிப்ரவரி 2025, ஞாயிறு

நாளைக்கு வேண்டிய கறுப்பு ஃப்ரிஹோல், அதாவது மெக்சிகோ பயறு, அரை கிலோ, தட்டில் பரப்பிப் பொறுக்கியாயிற்று. கல், சுருங்கல், பிளந்தது மூன்றும் போக வேண்டும். சுருங்கிய மணி கடைசிவரை வேகாமல் பல்லில் கடிபடும்.

ஃப்ரிஹோலும் நம் கடை ராஜ்மாவும் ஒரே இனச் செடி. மெக்சிகோ மண்ணில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே பயிரானது. யுகத்தான், வேராகுரூஸ், ஒஹாகா பக்கம் கறுப்பு; வடக்கே புள்ளி போட்ட பிந்தோ; ஹலிஸ்கோவில் பாயோவும் மஞ்சள் பெருவானோவும். ஒன்று கிடைக்காவிட்டால் இன்னொன்றைப் போடலாம், சாற்றின் நிறமும் கனமும் மட்டும் மாறும். சித்ரா ராஜ்மா பிந்தோவின் இடத்தில் நன்றாகவே நிற்கும். கறுப்பு ஃப்ரிஹோலுக்குப் பதில் கறுப்பு உளுந்து மட்டும் கூடவே கூடாது. அது வேறு செடி, கொழகொழத்துவிடும்.

அடுத்த சில நாட்களில் ஆகப்போகும் மூன்று சமையலுக்கும் பொருள் ஏறக்குறைய ஒன்றுதான்: பயறு, கறி, வெங்காயம், மிளகாய். பயறோடு கறி எந்த நேரத்தில் சேர்கிறது என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன. யுகத்தானில் பயறு பாதி வெந்ததும் கறி பானைக்குள் விழும். வடக்கில் பயறு முழுக்க வெந்த பிறகுதான் சேரும். ஹலிஸ்கோவின் குவாதலஹாரா நகரத்திலோ இரண்டும் தனித்தனியாக வெந்து, பரிமாறும் கிண்ணத்தில்தான் ஒன்றையொன்று பார்க்கும். இதை மாற்றிச் செய்தால் பயறு கல்லாகும், அல்லது கறி சக்கையாகும்.

கறுப்பு வகையை ஊறவைக்கத் தேவையில்லை. ஊறினால் நிறத்தில் பாதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். பிந்தோவுக்கு ஊறல் நல்லது: லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் உப்பு, 8 முதல் 12 மணி நேரம். உப்பு போட்டால் பயறு வேகாது என்று அங்கேயும் பல வீடுகளில் சொல்வார்கள். உண்மை நேர்மாறானது. தோலில் இருக்கும் கால்சியத்தின் இடத்தை உப்பின் சோடியம் பிடித்துக்கொள்வதால் தோல் இளகும், வெடிப்பதும் குறையும்.

3 பிப்ரவரி, திங்கள்

யுகத்தானில் திங்கட்கிழமை என்றால் ஃப்ரிஹோல் கொன் புவெர்கோ. பயறும் பன்றிக்கறியும், வீட்டிலும் சரி, மெரிதா நகரத்துச் சாப்பாட்டுக் கடைகளிலும் சரி.

ஆறு பேருக்கு: கறுப்புப் பயறு அரை கிலோ, பன்றிக்கறி ஒரு கிலோ, வெள்ளை வெங்காயம் ஒன்று, எபாசோத்தே என்னும் வாசனைக் கீரை இரண்டு மூன்று கொத்து, அபனேரோ மிளகாய் ஒன்று, உப்பு. கறி முழுக்கத் தோள்பட்டைச் சதையாக வேண்டாம். பாதி சதை, பாதி எலும்போடு ஒட்டிய முதுகுத் துண்டு, முடிந்தால் ஒரு கால். எலும்பும் தோலும் இல்லையென்றால் சாறு உதட்டில் ஒட்டாது. துண்டு 5 செ.மீ. அளவில் பெரிதாக இருக்கட்டும்.

பயறைக் கழுவி, மூன்று லிட்டர் தண்ணீர், அரை வெங்காயம் போட்டு முதல் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். பிறகு தீயைக் குறைத்து, மேற்பரப்பு மெல்ல அசையும் அளவில் ஒரு மணி நேரம். ஒரு மணியை எடுத்து நசுக்கினால் வெளியே மசிந்து நடுவில் மாவாக வெள்ளை தெரியும். கறி விழவேண்டிய நேரம் இதுதான். முன்பே போட்டால் பயறு வேகும்போது கறி நார்நாராகிவிடும். பிந்திப் போட்டால் கறி வேகும்வரை பயறு கூழாகும்.

கறியோடு இரண்டு டீஸ்பூன் உப்பும் போட்டு, எழும் நுரையை வழித்து எடுத்து, இன்னும் ஒன்றரை மணி நேரம். தண்ணீர் எப்போதும் பயறுக்கு மேல் இரண்டு விரல் நிற்கட்டும். குறைந்தால் கொதிக்கும் நீர்தான் ஊற்ற வேண்டும். பச்சைத் தண்ணீர் விட்டால் கொதி அடங்கிவிடும்.

எபாசோத்தே கடைசி இருபது நிமிடத்தில் மட்டும். பிசினும் மண்ணெண்ணெயும் கலந்தது போல ஒரு வாசனை அதற்கு. முதல் முறை முகர்பவர் முகம் சுளிப்பார், ஆனால் கறுப்புப் பயறோடு சேர்ந்தால் அதற்கு இணை கிடையாது. காய்ந்த இலையில் பாதி வாசனைகூட இருக்காது. கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், வேறு எந்தக் கீரையும் அந்த இடத்தை நிரப்பாது. அபனேரோவைக் கீறாமல் முழுசாக மிதக்கவிட்டால் வாசனை இறங்கும், காரம் இறங்காது. கரண்டி பட்டு அது உடைந்தால் பானை முழுக்கக் காரம், ஆகவே கிளறும் முன் வெளியே எடுத்துவிட வேண்டும்.

பக்கத்தில் கறுப்புச் சோறு. ஒரு கப் நீள அரிசியைப் பன்றிக் கொழுப்பில் பொரபொரவென்று வறுத்து, வடிகட்டிய பயறுச் சாறு இரண்டு கப் ஊற்றி மூடி வைக்க வேண்டும். சாறு கனமாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு வெந்நீர் கலந்துகொள்ளவும், இல்லையென்றால் சோறு குழையும்.

தொட்டுக்கொள்ளச் சில்தொமாத்தே, சுட்ட தக்காளிச் சட்னி: தக்காளி ஐந்து, அபனேரோ ஒன்று, இரண்டையும் வாணலியில் எண்ணெய் இல்லாமல் தோல் கருகும்வரை சுட்டு, உப்போடு கல்லில் நசுக்க வேண்டும். மிக்சியில் ஓட்டினால் நுரைத்து இளஞ்சிவப்பாகிவிடும்.

பரிமாறும்போது கறியைத் தனித் தட்டில் எடுத்து வைத்து, கிண்ணத்தில் பயறும் சாறும். பொடியாக நறுக்கிய சிவப்பு முள்ளங்கி, வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை, அவகாடோ எல்லாம் மேசையில் இருக்கும், அவரவர் சேர்த்துக்கொள்வார்கள். இந்தப் பச்சைச் சேர்க்கையைத் துணைப் பொருள் என்று தள்ளக் கூடாது. கொழுப்பும் மாவும் நிறைந்த சாற்றை வாய் சலிக்காமல் கடைசிவரை குடிக்க வைப்பது அதுதான்.

4 பிப்ரவரி, செவ்வாய்

நேற்றைய பயறில் மீந்தது நாலு கப். இதை அரைத்து வடிகட்டினால் கோலாதோ. அதையே இன்னும் சுருக்கினால் ரெஃப்ரீதோ. யுகத்தான் வீடுகளில் ஒரு பானைப் பயறு இப்படித்தான் அடுத்தடுத்த நாட்களில் உருமாறும்.

ரெஃப்ரீதோ என்பதற்கு 'இரண்டாம் முறை பொரித்தது' என்று பொருள் சொல்வது தவறு. மெக்சிகோ ஸ்பானிய வழக்கில் அந்த 'ரெ' அழுத்தத்தைக் குறிக்கும்: நன்றாகப் பொரித்தது.

நாலு கப் பயறுக்கு நாலு மேசைக்கரண்டி பன்றிக் கொழுப்பு. கடையில் கட்டியாக விற்கும் தூய வெள்ளைக் கொழுப்புக்கு வாசனையே கிடையாது. வீட்டில் உருக்கியதுதான் வேண்டும்: கொழுப்பை 2 செ.மீ. துண்டுகளாக்கி, அரை கப் தண்ணீரோடு மிதமான தீயில் வைத்தால், தண்ணீர் வற்றிய பின் கொழுப்பு இறங்கி, துண்டுகள் பொன்னிறமாகும். அந்தப் பழுப்பு நிறக் கொழுப்பில்தான் ருசி. ஸ்பானியர் கொண்டுவருமுன் அந்த மண்ணில் பன்றி கிடையாது. கொழுப்பில் பொரிக்கும் பழக்கமே பன்றியோடு வந்ததுதான்.

கொழுப்பில் வெங்காயத்தைக் கருஞ்சிவப்பாக வறுத்து எடுத்துவிட்டு, அரைத்த பயறை ஒவ்வொரு கரண்டியாக ஊற்ற வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் கொழுப்பு ஆறிப்போய், பயறு பொரியாமல் வேகத்தான் செய்யும். கரண்டியால் இழுத்த தடத்தில் வாணலியின் அடி தெரிந்து, தடம் மூடாமல் நின்றால் இறக்கலாம். ஆறினால் இன்னும் இறுகும் என்பதால், ஒரு பிடி முன்னதாகவே இறக்குவது நல்லது.

6 பிப்ரவரி, வியாழன்

சனிக்கிழமைக்காக ஒரு கைப்பிடி பிந்தோவைக் குழாய்த் தண்ணீரில் வேகவைத்துப் பார்த்ததில், இரண்டரை மணி நேரம் கொதித்தும் மசியவில்லை. காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

பழைய பயறு: வெக்கையும் ஈரமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளே இறுகிவிடும். இதற்கு மருந்து குறைவு. புதிய பயறின் தோல் மினுக்கும், பழையது மங்கி நிற்கும்.

கடினத் தண்ணீர்: யுகத்தான் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. அங்கே நிலத்தடி நீரில் கால்சியம் மிகுதி, அது தோலைப் பிடித்து இறுக்கும். ஆழ்துளைக் கிணற்று நீரில் துவரம்பருப்பு வேகாமல் நிற்கிறதே, அதே கதை. கேன் குடிநீரில் வேகவைத்தால் தீரும். இல்லையென்றால் அரை கிலோவுக்குக் கால் டீஸ்பூன் சமையல் சோடா. அதற்கு மேல் போட்டால் சோப்பு நாற்றம் வரும், தோலும் கழன்று மிதக்கும்.

புளிப்பு: தக்காளி, வினிகர், எலுமிச்சை எதுவானாலும் பயறு முழுக்க வேகுமுன் விழக் கூடாது. பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான். எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கரில் போட்டு மூடிவிடுகிறார்கள், தக்காளிச் சாற்றில் பயறு விறைத்துக் கிடக்கிறது.

அதே பயறில் இன்னொரு கைப்பிடியை, குழாய்த் தண்ணீரை விட்டுவிட்டு, கேன் தண்ணீரில் வைத்ததில் ஒன்றரை மணியில் வெந்தது. ஆக, குற்றம் தண்ணீரில்.

8 பிப்ரவரி, சனி

ஃப்ரிஹோலெஸ் சார்ரோஸ். சார்ரோ என்றால் குதிரைமேல் மாடு மேய்ப்பவர். வடக்கே கரியில் சுட்ட மாட்டுக்கறிக்குப் பக்கத்தில் சிறு கிண்ணத்தில் வைக்கும் பயறுச் சாறு இது.

ஊறிய பிந்தோ அரை கிலோ, அரை வெங்காயம், பூண்டு இரண்டு பல். பானையில் ஒன்றரை மணி நேரம். குக்கரில் முதல் விசிலுக்குப் பின் சிறு தீயில் 20 நிமிடம். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பினால் நுரை வால்வை அடைக்கும். குக்கர்ச் சாறு நீர்த்துத்தான் இருக்கும். திறந்த பின் ஒரு கரண்டிப் பயறை மசித்து விட்டுப் பதினைந்து நிமிடம் கொதிக்கவிட்டால் கனம் வரும்.

தனி வாணலியில் பேக்கன் 150 கிராம். வாணலி சூடேறுமுன் போட்டுச் சிறு தீயில் வைத்தால்தான் கொழுப்பு முழுக்க இறங்கும். அடுத்து சொரீசோ என்னும் மசாலாப் பன்றிக்கறி 200 கிராம், பிறகு அரை வெங்காயம், பூண்டு ஒரு பல், செரானோ மிளகாய் மூன்று, கடைசியாகப் பழுத்த தக்காளி மூன்று. தக்காளி சுருண்டு ஓரத்தில் சிவப்பு எண்ணெய் பிரியும்வரை பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் பச்சைத் தக்காளி வாடை பானை முழுக்க நிற்கும். பிறகு இதை வெந்த பயறில் கொட்டி இருபது நிமிடம் கொதிக்கவிட்டு, இறக்கும்போது கொத்தமல்லி. பேக்கனிலும் சொரீசோவிலும் உப்பு இருப்பதால், உப்பைக் கடைசியில்தான் சரிபார்க்க வேண்டும்.

மெக்சிகோ சொரீசோ பச்சைக் கறி. ஸ்பெயின் நாட்டுக் காய்ந்த சொரீசோ இங்கே ரப்பராகும். கிடைக்காவிட்டால் முந்தின இரவே செய்துவிடலாம்: கொத்திய பன்றிக்கறி கால் கிலோ, வாட்டி ஊறவைத்து அரைத்த குவாஹியோ மிளகாய் இரண்டு, ஆஞ்சோ ஒன்று, வினிகர் ஒன்றரை மேசைக்கரண்டி, பூண்டு, சீரகம், ஓரகானோ, ஒரு கிராம்பு, உப்பு. மிளகாயை வாட்டுவது பக்கத்துக்குச் சில நொடிதான். வாசனை எழுந்ததும் எடுக்க வேண்டும். கருத்தால் கசப்பு, அதை எதுவும் மறைக்காது.

தக்காளி சுருண்ட பிறகு ஒரு பாட்டில் லாகர் பீர் ஊற்றிப் பாதியாக வற்றவிட்டுப் பயறில் சேர்த்தால் அது போராச்சோஸ், குடிகாரப் பயறு. கசப்பு மிகுந்த பீர் வேண்டாம், வற்ற வற்றக் கசப்பும் கூடும்.

12 பிப்ரவரி, புதன்

கார்னே என் சு ஹூகோ, 'தன் சாற்றிலேயே கறி'. குவாதலஹாராவின் சமையல்.

மாட்டுக்கறி ஒரு கிலோ. முக்கால் மணி நேரம் உறைபெட்டியில் வைத்து விறைத்த பின் 3 மி.மீ. தகடாக அரிந்து, சிறு சதுரங்களாக்க வேண்டும். பேக்கன் 200 கிராமைப் பொரித்து எடுத்து, அதன் கொழுப்பிலேயே தாளோடு சின்ன வெங்காயத்தை வாட்டித் தனியே வைக்கவும்.

அதே பாத்திரத்தில் கறி முழுவதையும் ஒரே தடவையில் கொட்ட வேண்டும். வேறு சமையலில் இது பிழை, கறி சிவக்காமல் நீர் விட்டுவிடும். இங்கே நமக்கு வேண்டியதே அந்த நீர்தான். மூடி வைத்துச் சிறு தீயில் அரை மணி நேரம். ஒரு சொட்டுக்கூட வடிக்கக் கூடாது.

தொமாத்தியோ 400 கிராம். காகிதம் போன்ற உறைக்குள் இருக்கும் பச்சைக் காய், நம் சொடக்குத் தக்காளிக்குச் சொந்தம். உறை நீக்கிப் பிசுபிசுப்புப் போகக் கழுவி, நிறம் மங்கும்வரை ஐந்து நிமிடம் வேகவைத்து, செரானோ இரண்டு, பூண்டு இரண்டு பல், அரைக் கட்டுக் கொத்தமல்லியோடு அரைத்துக் கறியில் ஊற்ற வேண்டும். இன்னும் அரை மணி நேரம், உப்பு அதன் பிறகு. தக்காளிக்காயைப் போடுவதானால் இறக்கும்போது எலுமிச்சை பிழிய வேண்டும், அதற்கு அந்தப் புளிப்பு கிடையாது.

இரண்டு கப் வெந்த பெருவானோவைச் சூடாகத் தனியே வைத்திருக்க வேண்டும். கிண்ணத்தில் முதலில் ஒரு கரண்டிப் பயறு, அதன்மேல் கறியும் சாறும், பிறகு பேக்கன், வாட்டிய வெங்காயம், பச்சை வெங்காயம், கொத்தமல்லி. பயறைப் பாத்திரத்திலேயே கலந்தால் மாவு கரைந்து சாறு கலங்கும், பச்சை நிறமும் மங்கும்.

14 பிப்ரவரி, வெள்ளி

சிவப்பு ராஜ்மாவில் இவற்றைச் செய்பவர்களுக்கு: ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் முதல் அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்க வேண்டும். அதில் உள்ள லெக்டின் நஞ்சு, கொதிநிலைக்குக் கீழே மெதுவாக வேகும் மின்சாரப் பானையில் அழியாது. அரைவேக்காடு பச்சையைவிடக் கெடுதல், வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

மீந்த பயறு வெங்காயமும் தக்காளியும் கலந்திருந்தால் சீக்கிரம் ஊசிப்போகும். இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் அகலப் பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாலு நாள் தாங்கும். உறையவைப்பதானால் சாறு மூடி நிற்க வேண்டும், வெளியே நீட்டும் மணி வறண்டு வெடிக்கும்.