ஸ்லீப் ஸ்டடி முதல் சிபாப் பழகும் வரை

தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய்தான் ஸ்லீப் ஆப்னியா; குறட்டைச் சத்தத்தை வைத்து அதன் அளவைச் சொல்ல முடியாது. கவனிக்க வேண்டியது சத்தம் நிற்கும் நேரத்தைத்தான். ஓங்கி வந்துகொண்டிருந்த குறட்டை சட்டென நிற்கிறது, நெஞ்சும் வயிறும் மட்டும் இழுத்துக்கொண்டு ஆடுகின்றன, பிறகு ஒரு திணறலோடு மூச்சு திரும்புகிறது என்றால் தொண்டை அடைபட்டுத் திறக்கிறது என்று பொருள். தூங்குகிறவருக்கு இது பெரும்பாலும் தெரியாது. தனியாகத் தூங்குபவர்கள் போனில் இரவு முழுக்க ஒலிப்பதிவு செய்து பார்க்கலாம். அதில் ஒரு நிமிடத் துண்டைக் கொண்டுபோனால் டாக்டரிடம் நீண்ட விளக்கம் தேவைப்படாது.

காலையில் தலைவலி, வறண்ட வாய், இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவது, மாத்திரைக்கு அடங்காத ரத்த அழுத்தம், கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேல் இருப்பது ஆகியவை சந்தேகத்தைக் கூட்டும். ஒல்லியானவருக்கு வராது என்பதும் தவறு. தாடை உள்வாங்கியிருந்தாலோ டான்சில் பெரிதாக இருந்தாலோ வரும். பகல் தூக்கத்தை அளக்க எப்வொர்த் கேள்வித்தாள் தருவார்கள்: 8 சூழல்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 10ஐத் தாண்டினால் அது இயல்பான அசதி இல்லை. தன் தூக்கத்தைக் குறைத்துச் சொல்வது மனித இயல்பு. அதனால் அதே தாளை வீட்டில் கூட இருப்பவரையும் நிரப்பச் சொல்வது நல்லது.

அடுத்தது ஸ்லீப் ஸ்டடி எனும் தூக்கச் சோதனை. தூக்கச் சோதனை மையத்தில் செய்தால் தலை, கண்ணோரம், தாடை, கால் என்று மின்வாய்களை ஒட்டி, மூக்கில் காற்றோட்டக் குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை, விரலில் ஆக்சிமீட்டர் மாட்டுவார்கள். தலையில் எண்ணெயோ ஜெல்லோ இருந்தால் மின்வாய் ஒட்டாது. நகச்சாயம் இருந்தால் ஆக்சிமீட்டர் தவறாகக் காட்டலாம். அன்று பகலில் தூங்காமல், மதியத்துக்கு மேல் காபி குடிக்காமல் போக வேண்டும். வழக்கமான மருந்துகளைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. ‘இத்தனை ஒயரோடு எப்படித் தூங்குவது?’ என்று கேட்காதவர் இல்லை. ஆனால் முடிவு சொல்லச் சில மணி நேரத் தூக்கமே போதும்.

வீட்டில் செய்யும் சோதனை எளிது, ஆனால் அதில் ஒரு கணக்குச் சிக்கல் உண்டு. பெரும்பாலான வீட்டுக் கருவிகள் மூளை அலைகளைப் பதிவதில்லை. நீங்கள் தூங்கினீர்களா, விழித்துக் கிடந்தீர்களா என்று தெரியாமல், மொத்தப் பதிவு நேரத்தால் வகுக்கும். 6 மணி நேரத் தூக்கத்தில் 96 மூச்சுத்தடை என்றால் மணிக்கு 16. அதுவே 8 மணி நேரப் பதிவாக வகுபட்டால் 12. எல்லை 15 என்பதால் மிதமான நோய் லேசானதாக மாறிவிடும்! பாதி இரவில் மூக்குக் குழாய் நழுவுவது இன்னொரு தொல்லை; இரு கன்னத்திலும் டேப் ஒட்டிவிட்டுப் படுங்கள். அறிகுறிகள் பலமாக இருந்தும் வீட்டுச் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்றால், மையத்தில் இன்னொரு முறை செய்யாமல் விடக் கூடாது.

மணிக்கு எத்தனை தடை என்பதே ஏஹெச்ஐ. குறைந்தது 10 விநாடி மூச்சு நின்றாலோ, ஆக்சிஜன் சரியும் அளவுக்கு மெலிந்தாலோ ஒரு தடை. பெரியவர்களுக்கு 5க்குக் கீழ் இயல்பு, 15 வரை லேசானது, 30 வரை மிதமானது, அதற்கு மேல் தீவிரம். அந்த ஒற்றை எண்ணோடு அறிக்கையை மூடிவிடாதீர்கள். ஆக்சிஜன் எவ்வளவு இறங்கியது, 90 சதவீதத்துக்குக் கீழே எவ்வளவு நேரம் இருந்தது, மல்லாந்து படுக்கும்போது மட்டும் எவ்வளவு, தடை தொண்டையிலா அல்லது மூளையின் மூச்சுக் கட்டளையிலா என்பதையெல்லாம் கேளுங்கள். மல்லாந்தால் மட்டுமே தடை வருபவர்களில் சிலருக்கு ஒருக்களித்துப் படுக்கப் பழகுவதே பாதி வைத்தியம்.

மிதமான, தீவிர நிலைக்கு முதல் வைத்தியம் சிபாப். ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் அறிமுகப்படுத்திய முறை இது. கருவி ஆக்சிஜன் தருவதில்லை. அறைக் காற்றையே மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு செலுத்தித் தொண்டை ஒட்டாமல் தாங்கிப் பிடிக்கிறது. அழுத்தம் தானாக மாறும் கருவியை 4 முதல் 20 செ.மீ. நீர் அழுத்தம் என்று அகலமாக வைத்துக் கொடுத்துவிட்டால், 4இல் பலருக்குக் காற்றே போதாததுபோல் மூச்சு முட்டும், மாஸ்க்கைப் பிடுங்கிவிடுவார்கள். கீழ் எல்லையைச் சற்று உயர்த்தினாலே சரியாகும். அதை டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

சிபாப்பைக் கைவிடுபவர்களில் நிறையப் பேரைத் தோற்கடிப்பது மாஸ்க். உட்கார்ந்து மாட்டிப் பார்த்தால் போதாது. படுத்தால் கன்னம் சரிந்து வடிவம் மாறும். படுத்துக்கொண்டு, காற்றை ஓடவிட்டு, பட்டைகளைத் தளர்வாக வைத்து, மாஸ்க்கைச் சற்றே முன்னால் இழுத்து விடுங்கள். உள் விளிம்பு உப்பி முகத்தில் படியும். கசிந்தால் இறுக்கத்தான் கை போகும். ஆனால் இறுக்க இறுக்க விளிம்பு நசுங்கிக் கசிவு கூடும், மூக்குத் தண்டில் புண்ணும் வரும். படுக்கும் முன் முகத்தின் பிசுக்கைக் கழுவுவதும், விளிம்பைத் தினமும் துடைப்பதும் இறுக்குவதைவிடப் பலன் தரும். மாஸ்க் பயம் இருப்பவர்கள் பகலில் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பழகலாம்.

மூக்கு வறண்டால், காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரைக் கூட்டுங்கள். அதில் காய்ச்சி வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும். குழாயில் தண்ணீர் கோத்து முகத்தில் தெறித்தால் ஈரப்பதத்தைக் குறைக்கலாம் அல்லது சூடாகும் குழாய் வாங்கலாம். கருவியைப் படுக்கைக்குக் கீழ்மட்டத்தில் வைத்தால் நீர் முகத்துக்கு வராது. காற்று வயிற்றில் இறங்கி உப்புசம் வந்தால் தலைப்பக்கத்தை உயர்த்திப் பாருங்கள், அழுத்தத்தை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

கருவி காட்டும் ஏஹெச்ஐ 5க்குக் கீழ் இருக்க வேண்டும். அதற்கு முன் கசிவைப் பாருங்கள். கசிவு மிகுந்த இரவின் எண்ணை நம்ப முடியாது. 4 மணி நேரம் மாட்டினால் போதும் என்ற பேச்சு உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கனவுத் தூக்கம் விடியலை நெருங்கும்போதுதான் அதிகம். அப்போதுதான் தொண்டைத் தசைகள் மிகவும் தளரும். மூன்று மணிக்குக் கழற்றி வைப்பவர் மோசமான பகுதியை வைத்தியமே இல்லாமல் கழிக்கிறார்.

சிபாப் ஒத்துவராத லேசான, மிதமான நிலைக்குக் கீழ்த்தாடையை முன்னுக்கு இழுக்கும் பல் கருவி உதவும். பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்து, கொஞ்சம் கொஞ்சமாக முன்னகர்த்துவார். தொடக்கத்தில் தாடை வலிக்கும், எச்சில் ஊறும். ஆண்டுக்கணக்கில் பற்கள் பொருந்தும் விதமே மாறலாம். பல் கருவியானாலும் அண்ண அறுவை சிகிச்சையானாலும் சத்தம் அடங்கிய பின்னும் மூச்சுத்தடை அப்படியே தொடரலாம். அதனால் சோதனையை மறுபடி செய்தே ஆக வேண்டும்.

எடை குறைந்தால் தடையும் குறையும், ஆனால் எல்லோருக்கும் முழுக்கப் போகாது. இளைத்தவுடன் சிபாப்பைத் தூக்கிப் போடாமல், சோதித்துவிட்டு முடிவெடுங்கள். வேறு எந்த அறுவை சிகிச்சைக்குப் போனாலும் மயக்க மருந்து டாக்டரிடம் ஸ்லீப் ஆப்னியா இருப்பதை முன்பே சொல்லி, கருவியையும் மாஸ்க்கையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.