ஹை-ஹேண்டட் என்று எழுதுவதற்கு முன்னால்

மனு எழுதுகிறவர்கள் கைக்குச் சட்டென்று வந்துவிடுகிற ஆங்கிலச் சொல் ஒன்று உண்டு, ஹை-ஹேண்டட். எந்த அதிகாரி மேல் புகார் என்றாலும் முதல் பத்தியிலேயே போட்டுவிடுவார்கள். தஞ்சாவூரில் ஒரு வக்கீல் ஆபீசில் விவசாயிகள் தமிழில் சொல்வதைக் கேட்டு ஆங்கிலத்தில் மனுவாக்கித் தருவதுதான் என் வேலை, அந்த அனுபவத்தில் சொல்கிறேன், அந்தச் சொல்லை அவ்வளவு சுலபமாக எடுக்கக் கூடாது. அது ஆளின் குரலைப் பற்றியது அல்ல, செயலைப் பற்றியது. அடுத்தவர் உரிமையையும் இருக்கிற முறையையும் சட்டை செய்யாமல் தன் இஷ்டத்துக்குச் செய்வது. நம் பக்கத்தில் அடாவடி என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான்.

குறுவை அறுவடை சமயத்தில் ஒரத்தநாடு பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். நெல் கொள்முதல் நிலையத்துப் பட்டியல் எழுத்தர் "ரொம்ப அதிகாரம் பண்றாரு தம்பி" என்றார். என்னய்யா செய்தார் என்று கேட்டேன். குவியலுக்குள் கையை விட்டு ஒரு பிடி நெல்லை எடுத்து ஈரப்பத மீட்டரில் போட்டிருக்கிறார், 19 காட்டியிருக்கிறது, இவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் "காயப் போட்டு எடுத்துட்டு வா" என்று சொல்லிவிட்டு அடுத்த குவியலுக்குப் போய்விட்டார். அரசு தளர்வு கொடுத்தால் ஒழிய, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வாங்கக் கூடாது என்பது விதி. ஆக, திருப்பி அனுப்பியதில் தப்பில்லை, சொன்ன விதம்தான் இவரைச் சுட்டிருக்கிறது. அந்த விதத்துக்குப் பெயர் பெரெம்ப்டரி. பதில் பேச இடமே கொடுக்காத தொனி. ரோமானியச் சட்டத்திலிருந்து வந்த சொல் அது, இன்றைக்கும் கோர்ட்டில் பெரெம்ப்டரி ஆர்டர் என்றால் கட்டாயம் நிறைவேற்ற வேண்டிய உத்தரவு என்றுதான் பொருள், அதில் வசை எதுவும் இல்லை. மனிதர் பேச்சுக்குச் சொல்லும்போதுதான் கசப்பு ஏறுகிறது.

அப்புறம் பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார். காயவைத்துத் திரும்பக் கொண்டுவந்த நெல் தார்ப்பாய்க்கு அடியில் நாள்கணக்கில் கிடக்க, முந்தின நாள் ராத்திரி லாரியில் வந்த வியாபாரி நெல்லை விடிந்ததும் முதல் ஆளாக எடைபோட்டு, 40 கிலோ மூட்டைகளாகத் தைத்து அடுக்கிவிட்டார்களாம். ஹை-ஹேண்டட் இதுதான். அவர் மனதை அதிகம் புண்படுத்தியது முதல் விஷயம், மனுவில் நிற்கக் கூடியது இரண்டாவது. இதைப் பிரித்துப் பார்க்காமல் எழுதினால், எதிர்த்தரப்பு வக்கீல் மீட்டர் கணக்கைக் காட்டி மொத்த மனுவையும் உட்காரவைத்துவிடுவார்.

ஜூனியர்கள் அதிகம் குழப்பிக்கொள்வது அத்தாரிடேட்டிவ், அத்தாரிடேரியன் இரண்டையும். வேர் ஒன்று, ஆனால் ஒன்று மரியாதை, மற்றது குற்றச்சாட்டு. மேட்டூரில் ஜூன் 12 திறந்தால் கல்லணைக்குத் தண்ணீர் வர மூன்று நான்கு நாள் ஆகும், அங்கிருந்து வெண்ணாற்றில் இறங்கி நம் வாய்க்கால் தலைப்புக்கு எப்போது வரும், கடைமடைக்கு எப்போது ஏறும் என்று மதகைத் திறந்து மூடுகிற பழைய லஸ்கர் ஒருவர் சொன்னால் ஊரில் மறுபேச்சு இருக்காது. பயத்தால் அல்ல, வருஷக்கணக்கில் அந்த மதகோடு கிடந்தவர் என்பதால். அது அத்தாரிடேட்டிவ். காரணம் கேட்டால் "நான் சொன்னா சொன்னதுதான்" என்கிறவர் அத்தாரிடேரியன். அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960களில் குழந்தை வளர்ப்பைப் பற்றி எழுதும்போது இந்த இரண்டு சொற்களையும் எதிரெதிரே நிறுத்தினார். கண்டிப்பு இரண்டிலும் உண்டு, காரணம் சொல்வதும் பிள்ளை சொல்வதைக் கேட்பதும் முதலாவதில் மட்டும்தான். ஆபீசுக்கும் அது அப்படியே பொருந்தும் என்பது என் எண்ணம்.

இதே வகையில் இன்னும் சில ஆங்கிலச் சொற்கள் உண்டு. இம்பீரியஸுக்குப் பதவியே வேண்டாம், பழைய மிராசு வீட்டுத் திண்ணையிலிருந்து வருகிற குரல் அது, எதிரே நிற்கிறவன் கீழ்ப்படியத்தான் பிறந்தான் என்கிற நினைப்பு. டாமினியரிங் என்றால் ஒருவரை விடாமல் தன் பிடியில் வைத்திருப்பது. ஓவர்பேரிங்கில் அந்தப் பிடி இல்லாமலும் இருக்கலாம், அவர் அறைக்குள் வந்தாலே மற்றவர்கள் வாய் அடைத்துப்போகும். அஃபீஷியஸ் ஒரு காலத்தில் உதவ முன்வருகிறவருக்குச் சொன்ன நல்ல சொல், இப்போது கேட்காமலே மூக்கை நுழைத்து இந்த நகல் எங்கே, அந்த முத்திரை எங்கே என்று உத்தரவு போடுகிறவருக்கு.

பாஸி, அதாவது எல்லாரையும் அதட்டி வேலை வாங்குகிறவர் என்கிற சொல் மட்டும் என் மனுக்களில் கிடையாது. பெண்கள் மேல்தான் அது அதிகம் விழுகிறது. ஒரு பெண் கிராம நிர்வாக அலுவலர் மேல் வந்த புகாரில் ஜூனியர் தம்பி அந்தச் சொல்லைப் போட்டிருந்தார். அந்த அம்மா செய்தது, வயலை நேரில் பார்க்காமல், அதில் என்ன பயிர் என்று காட்டுகிற அடங்கல் தர மாட்டேன் என்று நின்றது. இதையே ஒரு ஆண் செய்திருந்தால் ஃபர்ம் என்று எழுதியிருப்பார், தமிழிலும் கறாரான மனுஷன் என்று பாராட்டியிருப்போம். அடைமொழியை அடித்துவிட்டு, அவர் என்ன கேட்டார், எந்தத் தேதியில் கேட்டார் என்று மட்டும் எழுதச் சொன்னேன். எழுதிப் பார்த்தால் புகார் என்று எதுவும் மிஞ்சவில்லை. வக்கீல் சார் கட்சிக்காரரைக் கூப்பிட்டு, அந்த அம்மாவை ஒரு தடவை வயலுக்கு அழைத்துப் போய்க் காட்டிவிட்டு வாருங்கள், அடங்கல் வந்துவிடும் என்று சொல்லி அனுப்பினார்.