காய்ந்த கொப்பு

"அது காஞ்ச கொப்பு மகன்."

நான் சொன்னது இவ்வளவுதான். இலங்கையின் யால வனவிலங்குப் பூங்காவில் பதினோரு வருடமாக வழிகாட்டி வேலை பார்க்கிறேன். இதைவிடப் பெரிய பொய்களைக் கூசாமல் சொல்லியிருக்கிறேன். "நேற்றுக் காலை இந்த இடத்திலதான் படுத்திருந்தது" என்பது எங்கள் தொழிலில் காலை வணக்கம் மாதிரி. அதெல்லாம் என் தூக்கத்தைக் கெடுத்ததில்லை. இந்த நாலு சொல் மட்டும் இரண்டு வருடமாகத் தொண்டைக்குள் கிடக்கிறது.

ஜூலை மாதம், பாலைப்பழக் காலம். கரடிகள் பழத்துக்காகப் பகலிலேயே மரத்தடிக்கு வரும் என்பதால் எல்லா ஜீப்பும் பாலை மரங்களைச் சுற்றித்தான் ஓடிக்கொண்டிருந்தன. கனடாவின் ஸ்காபரோவிலிருந்து வந்த குடும்பம். தாய், தகப்பன், பெரிய பெண், ஒன்பது வயதுப் பையன். தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டிருந்ததால் விடுதியில் என்னை அனுப்பினார்கள். பையனிடம் என் தொலைநோக்கியைக் கொடுத்தேன். வார் நீளம் கூடிப்போய் அது அவன் வயிற்றில் இடித்துக்கொண்டிருந்தது.

அவனுக்கு நல்ல கண். குளத்தில் மூக்கும் இரண்டு கண்ணும் மட்டும் வெளியே வைத்திருந்த முதலையை எனக்கு முன் அவன் கண்டான். வீரை மரத்துப் பட்டையோடு பட்டையாக ஒட்டியிருந்த உடும்பைக் கண்டான். ஒவ்வொரு முறையும் "மாமா, அங்க!" என்று கை நீளும். நான் "சரியாச் சொன்னாய்" என்பேன். தொழிலில் சலித்துப்போனவனுக்கு இப்படி ஒரு பையன் வாய்ப்பது எப்போதாவதுதான்.

ஐந்தரை மணி தாண்டியிருந்தது. ஆறு மணிக்கு வாசலுக்கு வெளியே இருக்க வேண்டும். இடப்பக்கம், பாதையிலிருந்து இருபது அடிக்குள், இரண்டு பாறைகளின் நடுவே நிழலில் ஒரு வெள்ளைப் புள்ளி அசைந்ததைக் கண்டேன். சிறுத்தையின் வால் நுனி அடிப்பக்கம் வெள்ளை. தாய் முன்னால் நடக்கும்போது குட்டிகள் அதைப் பார்த்துத்தான் பின்னால் போகும் என்பார்கள். அதற்குக் கீழே என் கைமுட்டி அளவில் ஒரு தலை. நீலம் கலங்கிய கண். பிறந்து சில கிழமைதான் இருக்கும். தாய் வேறு இடத்துக்குக் குட்டிகளை மாற்றிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

"மாமா, வால்! அங்க வால் ஆடுது!"

ஓட்டுநரை நான் அய்யே என்பேன், சிங்களத்தில் அண்ணன். அவர் காலைத் தளர்த்திவிட்டார். வண்டி மெதுவானது. எங்களுக்குப் பின்னால் மூன்று ஜீப். நான் அவர் தோளைத் தொட்டு "யமு", போவோம், என்றேன். பிறகு பையனைத் திரும்பிப் பார்த்து அந்த நாலு சொல்லையும் சொன்னேன்.

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். யாலவில் ஒரு ஜீப் நிற்பது என்றால் மைக்கில் அறிவிப்புச் செய்வது மாதிரி. பின்னால் வருபவன் நிற்பான், அவன் இன்னொருவனுக்குப் போன் போடுவான். உலகிலேயே சிறுத்தை அடர்த்தி கூடிய இடங்களில் ஒன்று இந்த முதலாம் புளொக். 979 சதுர கிலோமீற்றர் பூங்காவில் இது ஒரு சின்னத் துண்டு. எல்லோரும் இதற்குள்தான் வருகிறோம். 25 கிலோமீற்றர்தான் வேகம் என்ற பலகையைத் தாண்டி வண்டிகள் புழுதி கிளப்பி வரும். அதற்கு முந்தின வருடம் பாதையைக் கடக்க வந்த ஒரு தாய்ச் சிறுத்தை, முன்னும் பின்னும் ஜீப் மறித்ததில் கடக்க முடியாமல் நாற்பது நிமிடம் பற்றைக்குள் குந்தியிருந்ததைக் கண்டேன். குட்டி மறுபக்கம் கத்திக்கொண்டிருந்தது. அன்று முதலில் வண்டியை நிறுத்தச் சொன்னவன் நான்தான்.

ஆக, நான் குட்டியைக் காப்பாற்றினேன். இப்படி எழுதிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் வாசலுக்கு நேரம் போய்விட்டதே என்ற பதற்றமும் இருந்தது. பிந்தினால் கணக்குக் கேட்பார்கள். எது முதலில் மனதில் வந்தது, குட்டியா கடிகாரமா? நானே எனக்கு வைத்த விசாரணையில் ஒருநாள் இதைச் சொல்கிறேன், இன்னொருநாள் அதைச் சொல்கிறேன். என் அம்மம்மா மட்டக்களப்பிலிருந்து உகந்தை வழியாகக் கதிர்காமத்துக்கு இந்தக் காட்டுக்குள்ளால் நடந்து போனவ. "காட்டில கண்டதைக் காட்டில விட்டிட்டு வரணும் மனே" என்பா. அதையும் என் சார்பில் சாட்சிக்கு இழுத்திருக்கிறேன். அந்த வார்த்தை அன்று ஜீப்பில் ஞாபகம் வரவில்லை. கிழமை கழித்து, காரணம் தேடும்போதுதான் வந்தது.

பையன் விட்டுவிடவில்லை. "ஆடினது மாமா" என்றான், இந்த முறை குரல் தாழ்ந்து. தகப்பன் சிரித்தார். "இவனுக்கு இப்ப எல்லாத்திலயும் வால்தான் தெரியுது." அக்காக்காரியும் சிரித்தாள். நானும் சிரித்தேன். பொய்யைவிட அந்தச் சிரிப்புத்தான் என்னை அரிக்கிறது என்று சில நேரம் தோன்றும். பொய் சொல்ல ஒரு காரணமாவது இருந்தது.

அவன் வாரைத் தலைக்கு மேலால் கழற்றி, தொலைநோக்கியை மடியில் வைத்துக்கொண்டான். வாசல் வரும்வரை அவன் கை நீளவில்லை. பாதையோரம் யானை ஒன்று நின்றபோது எல்லோரும் எழுந்தார்கள். அவனும் எழுந்தான், எல்லோரும் பார்த்த பிறகு பார்த்தான்.

இறங்கும்போது தொலைநோக்கியைத் துடைத்துத் தந்தான். தகப்பன் ஐயாயிரம் ரூபாயைக் கையில் திணித்து, "சிறுத்தை காணேல்லை எண்டாலும் பரவாயில்லை தம்பி, அது உங்கட கையிலயே இருக்கு?" என்றார். வாங்கிக்கொண்டேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். மூன்று கிழமை கழித்து, முழுநாள் ஜீப்பைத் தனியாகப் பிடித்திருந்த இரண்டு படப்பிடிப்பாளர்கள் வந்தார்கள். கை நீள லென்ஸ். அதே பாறைகளுக்கு நானாகவே கூட்டிப்போனேன். பின்னால் வண்டி இல்லை, மத்தியான வெயில், அவர்கள் சத்தம் போட மாட்டார்கள். குட்டிகளும் வளர்ந்திருந்தன. பன்னிரண்டு நிமிடம் நின்றோம். இதற்கும் என்னிடம் காரணங்கள் இருக்கின்றன, மேலே எழுதியிருக்கிறேன் பாருங்கள். ஒன்பது வயதுப் பையனிடம் இரகசியம் நிற்காது, பெரியவர்களிடம் நிற்கும் என்று அன்று நினைத்தேன். அடுத்த மாதம் அந்தப் பாறைகளுக்கு முன் ஜீப் வரிசை நின்றது. அந்தப் படங்களால் வந்ததா, வேறு ஓட்டுநர்கள் தாமாகக் கண்டார்களா, தெரியாது. கேட்கவும் இல்லை.

செப்டெம்பரில் வரட்சிக்காகப் பூங்காவை மூடினால் ஒக்டோபர் நடுப்பகுதி வரை எங்களுக்கு வேலை இல்லை. அந்த விடுமுறையில் ஒருநாள் அய்யேயின் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது முதல்முறையாக இதைப் பேச்சில் எடுத்தேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"மல்லி" என்றார், சிங்களத்தில் தம்பி. "பொடியன் கை காட்டினது வலப்பக்கம்."

"இல்லை அய்யே, இடப்பக்கம்."

"கண்ணாடியில நான் பார்த்தேன். வலப்பக்கம். அதுதான் எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று காலைத் தளர்த்தினேன்."

அப்படியென்றால் நான் அவனுக்கு உண்மையைத்தான் சொன்னேனா? மனம் ஒருகணம் அந்தப் பக்கம் சாய்ந்தது. அய்யே கண்ணாடியில் பார்த்தவர், இடம் வலம் மாறியும் இருக்கலாம் என்று உடனே அதை இழுத்துப் பிடித்தேன். ஏன் இழுத்துப் பிடித்தேன் என்று எனக்கு விளங்கவில்லை.

ஒக்டோபரில் திறந்த முதல்நாள், அந்தப் பாறைகளைக் கடக்கும்போது வலப்பக்கம் பார்த்தேன். பாலை மரம் ஒன்று நின்றது. அதில் ஒரு காய்ந்த கொப்பு, நுனி முறிந்து, காற்றுக்கு ஆடிக்கொண்டு. ஜூலையில் முறிந்ததா, பிறகு முறிந்ததா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. பின்னால் இருந்த வெள்ளைக்காரப் பெண் என் பார்வை போன பக்கம் பார்த்து, அங்கே என்ன என்று கேட்டாள்.