பூஸ்ட் எண் சொல்வதும் சொல்லாததும்: ஒரு மே மாத நாட்குறிப்பு

மே 4, புதுச்சேரி

டர்போ பெட்ரோல் என்ஜின் உள்ள எங்கள் ஹூண்டாய் ஐ20 என் லைன் காரில் ஓபிடி கருவியை (சென்சார் அளவுகளைப் போனில் காட்டுவது) செருகி, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டேன். என்ஜினுக்குள் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்தம் 101 கிலோபாஸ்கல். இது வெளிக்காற்றின் அழுத்தம். கடலோர ஊர் என்பதால் இங்கே எப்போதும் ஏறக்குறைய இந்த அளவுதான். சென்சார் முழு வெற்றிடத்தைப் பூஜ்ஜியமாக வைத்து அளக்கிறது; பூஸ்ட், அதாவது வெளிக்காற்றுக்கு மேல் டர்போ ஏற்றும் கூடுதல் அழுத்தம், தெரிய வேண்டுமானால் வரும் எண்ணில் 101-ஐக் கழிக்க வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் 30 சொச்சத்துக்கு இறங்கியது. காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் மூடியிருக்க, பிஸ்டன்கள் உறிஞ்சுவதால் வரும் இறக்கம் அது.

மே 7

விடியற்காலையில் காலாப்பட்டு தாண்டி ஈசிஆர். சித்தப்பா மகன் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டான். நாலாவது கியரில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுதாக மிதித்தேன். அழுத்தம் 100, 140, 175, அப்புறம் 192-இல் நின்றது. இரண்டாவது கியரில் அதே ஆர்பிஎம்மைக் கடக்கும்போது 160 கூட வரவில்லை.

"ஏண்ணா, அதே மிதி, அதே ஆர்பிஎம். நம்பர் மட்டும் ஏன் வேற?"

நேரம்தான் காரணம். என்ஜின் புகை வேகமாகப் பாய்ந்து டர்போவின் டர்பைன் சக்கரத்தைச் சுழற்றினால்தான் காற்று உள்ளே அழுத்தப்படும். அது வேகமெடுக்கக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். சின்ன கியரில் என்ஜின் அந்த ஆர்பிஎம்மை நொடியில் தாண்டிவிடுகிறது. பெரிய கியரில் சுமையோடு அங்கேயே கொஞ்ச நேரம் இருக்கிறது. இதனால்தான் கியரைக் குறிக்காத பூஸ்ட் கணக்கை நான் நம்புவதில்லை.

மே 8

முதலியார்பேட்டை மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். "பூஸ்ட் கொறஞ்சா ஒடனே டர்போவ மாத்தச் சொல்றவன்கிட்ட வண்டிய உடாத தம்பி. மொதல்ல காத்து எங்க ஒழுகுதுன்னு பாரு" என்றார். டார்ச் அடித்து, டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிளிப்பைக் காட்டினார். அங்கே காற்று கசிந்தால், கூடவே வரும் ஆயில் ஆவியில் புழுதி ஒட்டிக் கறுப்பு வளையமாகப் படியும். எங்கள் வண்டியில் சுத்தமாக இருந்தது.

மே 13

அக்னி நட்சத்திர வெயில். மதியம் அதே சாலை, அதே கியர். 205! மே 7 காலையைவிட அதிகம், ஆனால் இழுவை துளியும் கூடவில்லை. உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையைப் பார்த்ததும் விளங்கியது. அன்று காலையில் 35 டிகிரி, இப்போது 58. அந்த வித்தியாசத்தில் காற்றின் அடர்த்தி சுமார் 7 சதவீதம் குறைகிறது. என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ கணக்குப் பார்ப்பது காற்றின் எடையை. அதே எடையை உள்ளே தள்ள வெயிலில் கூடுதல் அழுத்தம் வேண்டும். 192-க்கும் 205-க்கும் உள்ள இடைவெளியும் கிட்டத்தட்ட அதே 7 சதவீதம்தான். எனக்கு இந்த மாதத்தின் பெரிய சந்தோஷம் இது.

திரும்பும்போது ராஜீவ் காந்தி சிக்னல் நெரிசலில் நின்று நின்று வெப்பநிலை மேலும் ஏறியது. அதன் பிறகு மிதித்தால் அழுத்தமே குறைந்துதான் வந்தது. நாக்கிங் (சிலிண்டருக்குள் எரிபொருள் தாறுமாறாக வெடிப்பது) வராமலிருக்க ஈசியூ தானே அடக்கிக்கொள்கிறது.

மே 15

கம்பெனி சொல்வது 1500 முதல் 4000 ஆர்பிஎம் வரை 172 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, 6000-இல் 120 பிஎஸ் பவர். கணக்குப் போட்டால் 6000-இல் முறுக்குவிசை 140 அளவுதான். மேல் ஆர்பிஎம்மில் பூஸ்ட் சரிவதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. சின்ன டர்போ சீக்கிரம் எழும், அவ்வளவு மேல் ஆர்பிஎம்மில் போதிய காற்றுத் தர அதற்குத் திணறல்.

மே 24, ஏற்காடு

மேலே வந்து இக்னிஷன் போட்டதும் 85. ஆளில்லாத ஏற்றத்தில் மூன்றாவது கியரில் முழுதாக மிதித்தும் 180-ஐத் தாண்டவில்லை. 85-ஐக் கழித்தால் பூஸ்ட் 95. ஊரில் அன்று காலையில் வந்தது, 192-இல் 101 போக, 91. வெறும் பூஸ்ட் மீட்டர் மாட்டியவருக்கு மலையில் வண்டி கூடுதல் பலத்தோடு ஓடுவதாகத் தோன்றும், சிலிண்டருக்குள் போன காற்றோ குறைவு. டர்போவுக்கும் இங்கே வேலை அதிகம்: ஊரில் வெளிக்காற்றை 1.9 மடங்காக அழுத்தினால் போதும், இங்கே 2.1 மடங்கு. அதற்கு மேல் டர்பைன் தறிகெட்டுச் சுழலாமல் ஈசியூ பிடித்து வைத்திருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது.