கர்னாலும் குருக்ஷேத்திரமும்: கல்பனா சாவ்லாவின் ஊர்ப்பக்கம்

முதலில் காசு விஷயம். ஹரியானாவில், குருக்ஷேத்திரம் ரயில் நிலையத்திலிருந்து ஜோதிசர் பக்கம் இருக்கும், விண்வெளி வீராங்கனை கல்பனா சாவ்லா பெயரிலான கோளரங்கத்துக்கு ஆட்டோக்காரர் 450 ரூபாய் கேட்டால் ஏறாதீர்கள். பத்துக் கிலோமீட்டர்கூட வராத தூரம். என்னிடம் 450 வாங்கியதோடு, வாசலில் நின்று காத்திருப்புக்கு 200 தனி என்று சண்டை வேறு. கோளரங்கம் பெஹோவா சாலையிலேயே இருக்கிறது. திரும்பும்போது அந்த வழியில் வந்த பஸ்ஸில் சில்லறைக் காசில் வந்துவிட்டேன்.

டெல்லியிலிருந்து கர்னால் வரை வந்த பஸ் அதைவிட மோசம். ஜனவரிப் பனியில் ஜன்னல் கண்ணாடி மூடவில்லை, காது மரத்துப்போனது. ஆனால் வழியில் முர்தலில் நிறுத்தினார்கள். தந்தூர் அடுப்பிலிருந்து நேராகத் தட்டுக்கு வந்த உருளைக்கிழங்கு பராத்தா, மேலே கைப்பிடி அளவு வெள்ளை வெண்ணெய். இந்தப் பயணத்தில் கொடுத்த காசுக்கு முழுசாக மதிப்புக் கிடைத்த இடம் அதுதான்.

கர்னாலில் கல்பனா சாவ்லா என்று சொன்னதும் நேராக அரசு மருத்துவக் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டார்கள். அவர் பெயர்தான் அதற்கு. நல்ல விஷயம்தான், ஆனால் அங்கே பெயர் ஒரு விலாசமாகிவிட்டது. கல்பனா பிறந்த ஊர் இது. சின்ன வயதில் அப்பாவோடு இங்குள்ள விமான கிளப்புக்குப் போவாராம். வீட்டில் 'மோன்ட்டு' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். தாகூர் பால் நிகேதன் பள்ளியில் சேர்க்கும்போது, கல்பனா என்ற பெயரை அவரே தேர்ந்தெடுத்தார் என்று சொல்வார்கள். அந்தக் குழந்தை எடுத்துக்கொண்ட பெயர்தான் இன்று எங்கெங்கோ இருக்கிறது!

2002 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ஏவிய மெட்சாட் வானிலைச் செயற்கைக்கோள், 2003 பிப்ரவரியில் 'கல்பனா-1' ஆனது. பிப்ரவரி 1 அன்று, தரையிறங்க இன்னும் 16 நிமிடம் இருக்கும்போது அவர் வந்த கொலம்பியா விண்வெளி ஓடம் சிதறி, அவரோடு சேர்த்து ஏழு பேரும் இறந்த சில நாட்களில். ஏவும்போது பெயர்ந்து விழுந்த நுரைத்துண்டு இடது இறக்கையில் போட்ட ஓட்டைதான் காரணம். செவ்வாயில் கொலம்பியா குன்றுகளில் ஒன்று அவர் பெயரில், ஒரு சிறுகோள் அவர் பெயரில், 2020இல் விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு கொண்டுபோன சிக்னஸ் விண்கலம் அவர் பெயரில். நம் ஊரில் சுதந்திர தினத்தன்று துணிச்சலான பெண்களுக்குத் தமிழக அரசு தரும் விருதும் அவர் பெயரில்தான்.

சரி, கோளரங்கம். ஜோதிசருக்கு எல்லோரும் கீதை உபதேசித்த ஆலமரத்தைப் பார்க்க வருகிறார்கள், அப்படியே இங்கேயும் எட்டிப் பார்க்கிறார்கள். நான் போனபோது ஒரு பள்ளியே வந்திருந்தது. விளக்கை அணைத்ததும் கூச்சல், மேலே நட்சத்திரங்கள் வந்ததும் கூச்சல் அப்படியே அடங்கியது. விளக்கமெல்லாம் ஹிந்தியில், எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் அவர் பெயர் தாங்கிய எல்லாவற்றிலும் அவருக்கு மிகப் பொருத்தமானது இதுதான் என்று அடித்துச் சொல்வேன். 1997இல் முதல் பயணம் முடித்து வந்த பிறகு, தான் படித்த பள்ளிப் பிள்ளைகள் ஹூஸ்டனுக்குக் கோடைக்கால விண்வெளிப் பயிற்சிக்கு வர வழி செய்தவர் அவர். வந்தவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடும் போட்டிருக்கிறார்.

குழந்தைகளோடு டெல்லி போகிறவர்கள் ஒரு நாளை இதற்கு ஒதுக்குங்கள். டெல்லியிலிருந்து 160 கிலோமீட்டர்தான், காலை ரயிலில் போய் இரவுக்குள் திரும்பிவிடலாம், ஓட்டல் செலவு மிச்சம். அவர் விமானப் பொறியியல் படித்த சண்டிகர் கல்லூரியையும் பார்க்க ஆசைப்பட்டேன். அந்த ஆட்டோவுக்குக் கொடுத்த பணம் கையில் இருந்திருந்தால் அங்கேயும் போயிருப்பேன்.